வார்டு எல்லை மறுவரையறை: ஒரு கோடு வாக்கின் எடையை எப்படி மாற்றுகிறது

நகராட்சி, பேரூராட்சி அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நீண்ட பட்டியல் ஒட்டப்படுகிறது. ஒவ்வொரு வார்டுக்கும் வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, தெற்கு எல்லை, மேற்கு எல்லை என்று நான்கு விவரங்கள் இருக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் இரயில் பாதை, இன்னொரு பக்கம் ஏதோ ஒரு தெருவின் நடுக்கோடு என்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கும். அதன் கீழே அந்த வார்டுக்குள் அடங்கும் தெருக்களின் பெயர்கள் வரிசையாக வரும். நின்று படிப்பவர்கள் மிகக் குறைவு. தேர்தல் வந்த பிறகுதான், "நேற்று வரை ஐந்தாம் வார்டில் இருந்தோம், இப்போது எட்டாம் வார்டு என்கிறார்களே" என்று பலர் கேட்கத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் கேட்டுப் பயனில்லை. நம் தெருவுக்கு யார் பொறுப்பு, நம் வாக்குக்கு எவ்வளவு எடை, நம்மைப் போன்றவர்கள் மன்றத்துக்குள் நுழைய முடியுமா என்பதெல்லாம் ஏறக்குறைய அந்தப் பட்டியலிலேயே முடிவாகிவிடுகிறது.

ஓர் உள்ளாட்சி அமைப்பின் பரப்பை வார்டுகளாகப் பிரித்து, வார்டுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். மக்கள்தொகை மாறும்போதும், ஊரின் எல்லை விரியும்போதும் அந்தப் பிரிவினையைத் திருத்தி அமைப்பதற்குப் பெயர் வார்டு மறுவரையறை. நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை பற்றி நாடே பேசுகிறது. வார்டு மறுவரையறை பற்றி அந்த ஊர்க்காரர்களே பேசுவதில்லை. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் தெருவிளக்கும் வார்டு உறுப்பினரின் கையில்தான் இருக்கின்றன என்பதால், அன்றாட வாழ்க்கையைப் பொறுத்தவரை பின்னதே நமக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைப் பேரூராட்சியை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகை 18,000, வார்டுகள் 15. சராசரியாக ஒரு வார்டுக்கு 1,200 பேர் இருக்க வேண்டும். ஆனால் ஏரிக்கரை ஓரம் இருந்த நிலமெல்லாம் மனைகளாகி, மூன்றாம் வார்டில் இப்போது 2,400 பேர் வசிக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும் பழைய கடைத்தெருப் பகுதியான ஒன்பதாம் வார்டில் 600 பேர்தான் மிச்சம். இரண்டு வார்டுகளுக்கும் மன்றத்தில் ஆளுக்கொரு உறுப்பினர். தீர்மானத்தின் மீது கை தூக்கும்போது இரண்டு கைகளுக்கும் ஒரே மதிப்பு. அப்படியானால் ஒன்பதாம் வார்டுக்காரர் ஒருவரின் குரல், மூன்றாம் வார்டுக்காரர் நால்வரின் குரலுக்குச் சமமாகிவிடுகிறது. வார்டுக்கு இத்தனை தெருவிளக்கு, இத்தனை மீட்டர் சாலை என்று வேலைகளைச் சமமாகப் பங்கிட்டால், 600 பேருக்குக் கிடைப்பதே 2,400 பேருக்கும் கிடைக்கும். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் வளர்ந்தது, கோடு அப்படியே நின்றது, அவ்வளவுதான். கோட்டைத் தொடாமல் விட்டாலே அநீதி தானாக வளரும்.

அது எவ்வளவு தூரம் வளரும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள மிட்லண்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி) நல்ல சான்று. அந்தக் கவுண்டியின் நிர்வாக மன்றத்துக்கு நான்கு பகுதிகளிலிருந்து நான்கு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மிட்லண்ட் நகரம் ஏறக்குறைய முழுவதும் ஒரே பகுதிக்குள் அடங்கியிருந்ததால் அந்தப் பகுதியின் மக்கள்தொகை 67,906. மற்ற மூன்று கிராமப்புறப் பகுதிகளின் மக்கள்தொகை 852, 828, 414. கவுண்டி மக்களில் 97 சதவீதத்தினர் சேர்ந்து ஒரே ஓர் உறுப்பினரை அனுப்ப, மீதி 3 சதவீதத்தினர் மூவரை அனுப்பினார்கள். ஏவரி என்ற வாக்காளர் தொடுத்த வழக்கில், ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவம் சட்டமன்றங்களுக்கு மட்டுமல்ல, உள்ளாட்சி மன்றங்களுக்கும் பொருந்தும் என்று 1968இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், சென்னையையே பார்க்கலாம். 2011ஆம் ஆண்டுக்கு முன்பு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர் பரப்பும் 155 வார்டுகளும் கொண்டிருந்தது. அந்த ஆண்டு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சி அமைப்புகள் அதனுடன் இணைக்கப்பட்டன. பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகளின் எண்ணிக்கை 200 என்று நிர்ணயிக்கப்பட்டது. இந்த 200ஐப் பங்கிட்ட விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. பழைய நகரத்தின் 155 வார்டுகள் 107ஆகச் சுருக்கப்பட்டன. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் தரப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழைய நகரத்தில் 46 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். விரிந்த மாநகராட்சி முழுவதற்கும் மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். வகுத்துப் பார்த்தால், பழைய நகரத்தில் ஒரு வார்டுக்குச் சராசரியாக 43 ஆயிரம் பேர். புதிய பகுதிகளில் ஏறக்குறைய 22 ஆயிரம் பேர். தண்டையார்பேட்டையிலோ இராயபுரத்திலோ இருந்த ஒருவரின் வாக்குக்கு, சோழிங்கநல்லூரில் இருந்தவரின் வாக்கில் கிட்டத்தட்ட பாதி எடைதான் இருந்தது.

இதற்கு ஒரு நியாயமும் சொல்லலாம், அதை மறைப்பது முறையல்ல. இணைக்கப்பட்ட பகுதிகள் பரந்து கிடந்தவை. பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், குடிநீர் இணைப்பு எல்லாம் அங்கே புதிதாகப் போட வேண்டியிருந்தது. அதுவரை தனி மன்றமும் தலைவரும் வைத்திருந்த ஊர்கள் அவற்றை இழந்திருந்தன. அங்கே மக்கள்தொகையும் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. வருங்கால வளர்ச்சியைக் கணக்கில் கொண்டு இடங்களைக் கூடுதலாகக் கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தாழ்வை அந்தக் காரணங்கள் முழுமையாகத் தாங்காது. வடசென்னையின் நெருக்கமான தெருக்களில் 43 ஆயிரம் பேருக்கு ஒரே மாமன்ற உறுப்பினர் என்றால், அவருடைய வீட்டு வாசலில் மனுவோடு நிற்கும் வரிசையும் இரண்டு மடங்கு நீளம்தானே.

சட்டம் என்ன சொல்கிறது என்று இனிப் பார்க்கலாம். 1992இல் நிறைவேறிய 73ஆவது, 74ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள்தாம் இன்றைய உள்ளாட்சித் தேர்தல்களுக்கு அடிப்படை. ஊராட்சிகளைப் பற்றிப் பேசும் 243சி பிரிவு, ஒவ்வொரு தொகுதியின் மக்கள்தொகைக்கும் அதற்கு ஒதுக்கப்பட்ட இடங்களுக்கும் உள்ள விகிதம், நடைமுறையில் இயன்றவரை, அந்த ஊராட்சிப் பகுதி முழுவதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. நகராட்சிகளைப் பற்றிய 243ஆர் பிரிவில், நகராட்சிப் பகுதி வார்டுகளாகப் பிரிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறதே தவிர, விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வாசகம் இல்லை. நகர வார்டுகளின் சமத்துவம் அந்தந்த மாநிலச் சட்டங்களின் கைக்கு விடப்பட்டிருக்கிறது. கிராமத்து வாக்காளருக்கு அரசியலமைப்பே எழுதித் தந்த உறுதி நகரத்து வாக்காளருக்கு எழுதித் தரப்படவில்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

யாரை எண்ணுவது என்பதும் கேள்வி. நம் நாட்டில் வார்டு பிரிக்க அடிப்படை வாக்காளர் பட்டியல் அல்ல. கடைசியாக வெளியிடப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பால்குடி மாறாத குழந்தையும் கணக்கில் வரும். இங்கிலாந்தில் இதற்கு மாறாக வாக்காளர்களை மட்டும் எண்ணுகிறார்கள். அதுவும் இன்றைய எண்ணிக்கையோடு நிற்காமல், இன்னும் ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதையும் மதிப்பிடுகிறார்கள். அங்கே ஒரு மன்றத்தின் வார்டுகளில் 30 சதவீதத்துக்கு மேற்பட்டவை சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கும் அதிகமாக விலகியிருந்தாலோ, ஒரே ஒரு வார்டு மட்டும் 30 சதவீதத்துக்கும் அதிகமாக விலகியிருந்தாலோ, தனித்து இயங்கும் எல்லை ஆணையம் அந்த மன்றத்தை மறுஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும். எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைவிட, ஏற்றத்தாழ்வு எவ்வளவு ஆயிற்று என்பதே அங்கே மறுஆய்வைத் தொடங்கிவைக்கிறது. நாம் எடுத்துக்கொள்ளத்தக்க வழக்கம் இது.

கோடு எப்படிப் போடப்படுகிறது? செங்கல் அடுக்குவது போலத்தான். கணக்கெடுப்பின்போது ஒவ்வோர் ஊரும் சிறு சிறு கணக்கெடுப்புத் தொகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு கணக்கெடுப்பாளர் சுற்றிவரக்கூடிய நூற்றுச் சொச்சம் வீடுகள் ஒரு தொகுதி. இவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, மக்கள்தொகை சராசரிக்குப் பக்கத்தில் வரும்படி வார்டு கட்டப்படுகிறது. வார்டு துண்டு துண்டாக இருக்கக் கூடாது. ஆறு, பெருஞ்சாலை, இரயில் பாதை போன்ற கடக்க முடியாத தடைகள் இயன்றவரை எல்லையாக வேண்டுமே தவிர, வார்டின் நடுவில் ஓடக் கூடாது. மேம்பாலம் ஏறி இறங்கித்தான் வாக்குச்சாவடிக்குப் போக முடியும் என்றால், எண்ணிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த எல்லை தவறானதே. ஒரே தெருவின் வடசிறகு ஒரு வார்டிலும் தென்சிறகு இன்னொரு வார்டிலும் விழுவது சில இடங்களில் தவிர்க்க முடியாதது. ஆனால் அந்தத் தெருவில் குழாய் உடைந்தால் எந்த உறுப்பினரைக் கூப்பிடுவது என்று இரண்டு பக்கத்தாரும் விழிக்க நேரும் என்பதை எல்லை வரைபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எண்ணிக்கை சமமாக இருந்தாலே நியாயம் கிடைத்துவிடும் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். பழைய உதாரணத்துக்கே வருவோம். 18,000 பேர் வாழும் அந்தப் பேரூராட்சி கடலோரத்தில் இருப்பதாகவும், அங்கே 1,800 பேர் வாழும் ஒரு மீனவர் குப்பம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வார்டிலும் மிகச் சரியாக 1,200 பேர் வரும்படி மூன்று விதமாகக் கோடு போடலாம். முதல் விதத்தில், குப்பம் நடுவில் பிரிந்து இரண்டு வார்டுகளில் 900 பேர் வீதம் அமைகிறது. இரண்டு வார்டுகளிலும் முக்கால் பங்கு அவர்களே. இரண்டு உறுப்பினர்கள் கிடைப்பார்கள். இரண்டாவது விதத்தில், 1,150 பேரை ஒரே வார்டில் அடைத்துவிட்டு, மீதி 650 பேரைப் பக்கத்து வார்டுகள் இரண்டில் 325 பேர் வீதம் சேர்க்கிறார்கள். அடைத்த வார்டில் ஒருவர் வெல்வார், மற்ற இரண்டிலும் அவர்கள் கால் பங்குக்குச் சற்றே அதிகம். மூன்றாவது விதத்தில், ஐந்து வார்டுகளில் 360 பேர் வீதம் சிதறடிக்கிறார்கள். எந்த வார்டிலும் 30 சதவீதத்துக்கு மேல் இல்லை. எங்கும் தங்கள் பலத்தில் வெல்ல முடியாது. அதே மக்கள், அதே வீடுகள், அதே மக்கள்தொகைச் சமத்துவம். உறுப்பினர்கள் மட்டும் இரண்டு, ஒன்று, பூஜ்யம். படகு நிறுத்துமிடம், வலை உலர்த்தும் இடம், கடலரிப்பு என்று அவர்களுக்கு மட்டுமே தெரிந்த பிரச்சினைகளைப் பேச மன்றத்தில் ஆள் இருக்குமா இருக்காதா என்பதை அந்தக் கோடு முடிவு செய்கிறது. அடைப்பது, சிதறடிப்பது என்ற இந்த இரண்டும்தான் எல்லைக் கோட்டை வைத்துச் செய்யப்படும் அநீதியின் இரு முகங்கள். கட்சிக்காகவும் செய்யலாம், சாதிக்காகவும் செய்யலாம், பதவியில் இருக்கும் ஒரு தனிமனிதர் மறுபடி வெல்வதற்காகவும் செய்யலாம்.

இட ஒதுக்கீட்டோடு சேரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. பட்டியல் சாதியினருக்கான இடங்களின் எண்ணிக்கை அந்த உள்ளாட்சியில் அவர்களுடைய மக்கள்தொகை விகிதத்தைப் பொறுத்தது. அதைக் கோடு மாற்ற முடியாது. ஆனால் எந்த வார்டு தனி வார்டு ஆகும் என்பதற்கு, வார்டுக்குள் அவர்கள் எந்த விகிதத்தில் இருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் அடிப்படை. 700 பேர் வாழும் ஒரு காலனி முழுவதும் 1,200 பேர் கொண்ட ஒரு வார்டில் இருந்தால் அவர்கள் 58 சதவீதம். நடுவில் கோடு விழுந்து 350 பேராகப் பிரிந்தால் ஒவ்வொரு வார்டிலும் 29 சதவீதம். அதன் பிறகு அந்த வார்டு ஒதுக்கீட்டுக்குள் வந்தாலும்கூட, யார் வெல்வது என்பதைக் காலனியின் வாக்குகள் தீர்மானிக்காது. மற்றவர்களுக்கு உகந்தவரே வெல்வார். ஒதுக்கீடு காகிதத்தில் அப்படியே இருக்கும், உள்ளே இருக்க வேண்டிய உயிர் போயிருக்கும். ஆகவே வரைவைப் பார்க்கும்போது ஊரோடு காலனி எங்கே சேர்கிறது, எங்கே பிரிகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

இந்தச் சிக்கலுக்கு இலங்கை வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே வார்டை வட்டாரம் என்கிறார்கள். 2018 பிப்ரவரி 10ஆம் தேதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும், 40 சதவீத உறுப்பினர்கள் கட்சிகள் பெற்ற வாக்கு விகிதத்தின்படிப் பட்டியலிலிருந்தும் தெரிவானார்கள். பல இனத்தவர் கலந்து வாழும் சில இடங்களில், ஒரே வட்டாரத்திலிருந்து ஒருவருக்கு மேற்பட்டோர் தெரிவாகும் பல அங்கத்தவர் வட்டாரங்களும் அமைக்கப்பட்டன. கோடு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் கலந்து வாழும் மக்களைப் பிரிக்க முடியாத இடங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

தமிழ்நாட்டில் கோடு போடும் பொறுப்பு, 2017இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மாநிலத் தேர்தல் ஆணையரைத் தலைவராகக் கொண்ட மறுவரையறை ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. யார் கோடு போடுகிறார்கள் என்பது சிறிய விஷயமல்ல. கோவாவில் மாநில அரசின் சட்டச் செயலாளரிடமே மாநிலத் தேர்தல் ஆணையர் பொறுப்பும் கூடுதலாகத் தரப்பட்டிருந்ததை 2021இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அரசில் பதவி வகிப்பவர் தேர்தல் ஆணையராக இருக்கக் கூடாது என்று சொன்னது. தேர்தலில் போட்டியிடுபவர்களின் பிடி எட்டாத தூரத்தில் எல்லை வரைபவர் இருக்க வேண்டும்.

மறுவரையறையால் இன்னோர் ஆபத்தும் உண்டு: அதைக் காரணம் காட்டித் தேர்தல் தள்ளிப்போவது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் அந்த ஆண்டுத் தேர்தல் அறிவிப்பு ரத்தாயிற்று. பிறகு மறுவரையறை வந்தது. அது முடிந்தபோது மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. பிரிக்கப்பட்ட 9 மாவட்டங்களில் எல்லைகளை முறையாக வரையறுத்த பிறகே தேர்தல் நடத்த வேண்டும் என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மற்ற 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் அந்த மாத இறுதியிலும், அந்த 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி 19ஆம் தேதியும் வாக்குப்பதிவு நடந்தது. நகரங்கள் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாமல் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. ஏற்றத்தாழ்வுள்ள வார்டில் அரைப் பங்கு எடையாவது வாக்குக்கு இருக்கிறது. தேர்தலே இல்லையென்றால் எடை பூஜ்யம். ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தலை நடத்தியே ஆக வேண்டும், மறுவரையறையைச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006இலும், மத்தியப் பிரதேச வழக்கில் 2022இலும் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

இப்போது இதைப் பேச வேண்டிய அவசரம் ஒன்று இருக்கிறது. இன்றைய வார்டுகள் 2011 கணக்கெடுப்பின் மீது நிற்கின்றன. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1ஆம் தேதி அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் எண்கள் வெளிவந்ததும் ஊருக்கு ஊர் வார்டுகளை மறுபடி வரைய வேண்டிய தேவை எழும். பதினாறு ஆண்டு மாற்றம் ஒரே மூச்சில் கணக்கில் வரும் என்பதால், எல்லைகள் பெரிதாக நகரவும் கூடும்.

அப்போது வரைவு வெளியாகி, ஆட்சேபணைகளும் கருத்துகளும் கேட்கப்படும். அந்தக் குறுகிய கால அவகாசம்தான் வாக்காளருக்குக் கிடைக்கும் உண்மையான வாய்ப்பு. ஏனெனில் மறுவரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்பதை அரசியலமைப்பின் 243ஓ, 243இசட்ஜி பிரிவுகள் தடுக்கின்றன, தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நீதிமன்றங்களும் பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை. "எங்கள் வார்டைப் பிரிக்காதீர்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் மனு எடுபடாது. முதலில் மொத்த மக்கள்தொகையை வார்டு எண்ணிக்கையால் வகுத்துச் சராசரியைக் கண்டுகொள்ளுங்கள். உங்கள் வார்டும் அதை ஒட்டிய வார்டுகளும் அதிலிருந்து எத்தனை சதவீதம் விலகியிருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். வரைவில் உள்ள நான்கு எல்லைகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை தெருத் தெருவாக நடந்து பாருங்கள். விடுபட்ட சந்து, இரண்டு வார்டிலும் பெயர் வந்த தெரு, நடுவில் வெட்டப்பட்ட குடியிருப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு மாற்று வழியையும் நீங்களே சொல்லுங்கள்: இன்ன தெருவை 12ஆம் வார்டிலிருந்து 11ஆம் வார்டுக்கு மாற்றினால் இரண்டின் மக்கள்தொகையும் இவ்வளவாகும், குடியிருப்பும் பிரியாமல் இருக்கும் என்று எண்களோடு எழுதுங்கள். தெருக்காரர்கள் பலர் கையொப்பமிட்டு, கடைசித் தேதிக்கு முன்பே நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் நாளில் அந்த நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.